மேல் பக்கத்து ஈரம்

ஐஸ் ரூம் கதவைச் சாத்துவதற்கு முன்னால் கபீர் மூன்றாவது தடவையாகக் கேட்டான். “அண்ணே, நெசமாத்தான் சொல்றீங்களா? உள்ள ஒண்ணு ஆயிப்போச்சுன்னா மொதலாளிக்கு நான் என்னத்தப் பதில் சொல்றது?” நான் ஆள் படுக்கிற அந்தப் பைக்குள் இடுப்புவரை நுழைந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கீழே ஒரு பலகை, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி அடுக்கிய ஐஸ் பாளங்கள். கபீருக்குப் பின்னால் வாசல் வெளிச்சத்தில் ஏஜெண்டு நீலகண்டன் நின்றார். அவருக்குப் பின்னால் குரும்பகரத்து ஆட்கள் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் கடைசியில், கம்பத்தைப் பிடித்தபடி என் மச்சான் காத்தமுத்து.

“சாத்து தம்பி. மத்தியானப் பாங்கு சொன்னதும் தொற,” என்றேன்.

“அல்லாவே!” என்று சொல்லிக்கொண்டே கபீர் கதவைத் தள்ளினான். கனமான கதவு. உள்ளே உமி அடைத்தது. சாத்திய பிறகு வெளிச்சத்தம் ஒன்றுமில்லை, மிஷின் மட்டும் தூரத்தில் மாடு அசைபோடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

சித்திரை வெயிலில் காரைக்காலில் ஒரு மனுஷன் குளிர்தேசத்துப் பையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஐஸுக்கு நடுவில் படுக்கிறான் என்றால் கேட்கிறவன் சிரிப்பான். சிரிக்கட்டும். இரண்டு வருஷமாக ஒருத்தனைப் பார்த்து ஊர் சிரித்தது. அதற்கு முன்னால் இது ஒன்றுமில்லை.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். முந்தின சம்பாவுக்கே வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. நெடுங்காடு, குரும்பகரம் பக்கமெல்லாம் வயல் வெடித்துக் கிடந்தது. நான் காலையில் ஐஸ் கம்பெனியில் லாரிக்குப் பாளம் ஏற்றுவேன், சாயந்தரம் நெல் மண்டியில் மூட்டை தூக்குவேன். அதுவும் கிடைக்காதவர்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் நீலகண்டன் வந்தார். வடக்கே, காஷ்மீருக்கும் அந்தப் பக்கம், மலைமேல் ரோடு போடுகிற ஒரு கண்ட்ராக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். ஆள் பிடிப்பதோடு விடமாட்டார், கூடவே வந்து அங்கே மேஸ்திரி வேலையும் பார்ப்பார். நானும் காத்தமுத்தும் எண்பத்தொன்றில் அவரோடு போய் வந்தவர்கள்தான்.

“இந்தத் தடவ ஆளுக்கு ரெண்டு கம்பளி. பை கெடையாது,” என்றார்.

ஏன் என்று ஒருத்தன் கேட்டான்.

“ஏனா? போன தடவ உங்க ஊரு ஆளு ஒருத்தனுக்குக் குடுத்தோம். படுடான்னு குடுத்தா அதுல பேஞ்சு வச்சிட்டான். அத்தன ஒசரத்துக்கு ஏறிப் போயும் காரைக்கால் கடலக் கையோட கொண்டாந்துட்டானேன்னு மேல உள்ளவங்கல்லாம் சிரிச்சாங்க. மூத்திரம் பேயிறவனுக்குக் கோணிச்சாக்கு போதும்யா.”

கடையே சிரித்தது. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். காத்தமுத்து அங்கேதான் இருந்தான். பாதி டீயோடு கிளாசை வைத்துவிட்டு, இரண்டு விரல் இல்லாத இடது காலை இழுத்துக்கொண்டு வெளியே போனான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த மலையைப் பற்றிச் சொன்னால் இங்கே யாருக்கும் விளங்காது. ஐஸ் ரூமைக் காட்டி, இதை மாதிரி ஒரு ஊர், கதவு கிடையாது என்று சொல்லலாம். நாங்கள் போய்ச் சேர்ந்தது மாசி கடைசி. பனியை வெட்டித் தள்ளிக் கல் பரப்புகிற வேலை. குளிருக்குள்ளேயும் வேர்க்கும் என்று எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. கடப்பாரை போடுகிறவனுக்கு முதுகு நனையும், நின்றால் அந்த நனைந்த சட்டையே விறைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் கூடாரத்துக்கு ஓடி, சட்டையைக் கூடக் கழற்றாமல் பைக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்து, தலையையும் உள்ளே போட்டு மூடிக்கொள்வோம். அந்தப் பைக்கு இங்கிலீஷில் நீளமாய் ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாயில் நுழைந்தது பை மட்டும்தான். பாசிப் பச்சை நிறம், உள்ளே பஞ்சு.

காத்தமுத்துவிடம் ஒரு கொங்காணி இருந்தது. மழையில் நடவு நடும்போது தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்கிறோமே, அதுதான். யூரியா மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பை நாலைக் கிழித்து ஒட்டித் தைத்தது. அவன் பெண்டாட்டி அல்லி தைத்துக் கொடுத்து, பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாள். எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போகிறவன் எந்த ஊருக்குப் போனாலும் கொங்காணியை விட்டுவிட்டுப் போகமாட்டான். முதல் வாரம் கூடாரத்துத் துணியிலிருந்து பனி பொடிப்பொடியாய் முகத்தில் உதிர்ந்தது. “அந்தக் கொங்காணிய எடுத்துப் பை மேல போத்திக்க மச்சான். ஈரம் இறங்காது,” என்று சொன்னவன் நான். நானே அதைக் கால்வரை இழுத்து, ஓரத்தைப் பைக்கு அடியில் செருகிவிட்டேன். ஈரம் என்றால் வானத்திலிருந்து வருவது. எங்களுக்குத் தெரிந்த ஈரம் அது ஒன்றுதான்.

நாலாம் நாள் காலையில் அவன் பை நனைந்து கிடந்தது. பிழிந்தால் சொட்டுகிற ஈரம். பிறகு அது உறைந்து தகரம் மாதிரி ஆயிற்று. நீலகண்டன் அதை இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். சிரித்தார்கள். நானும் ஓரத்தில் நின்று பல்லைக் காட்டினேன் என்பதை இங்கே மறைத்துப் பிரயோஜனமில்லை. அதற்குக் காரணம் உண்டு. என் பையும் நசநசவென்றுதான் இருந்தது. அவனவன் பையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இங்கே வந்து ஒவ்வொருத்தனாய் என் காதில் மட்டும் சொன்னான். அந்தக் குளிரில், அறியாமல் நாமும்தான் பெய்துவிட்டோமோ என்று ஒவ்வொருத்தனும் தன்னையே சந்தேகப்பட்டு, விடிவதற்குள் பையைச் சுருட்டி இறுக்கிக் கட்டிவிட்டான். ஈரத்தோடு சுருட்டியதை ராத்திரி மறுபடி விரித்து அதற்குள்ளேயே படுத்தோம். வெயிலில் போட விடவும் மாட்டார்கள். விடிந்ததும் சுருட்டி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

காத்தமுத்துவுக்குப் பத்து நாளில் கால் விரல் இரண்டு கறுத்தது. கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது நீலகண்டன் அந்தப் பையை அவன் மேல் எறிந்தார். “இத எவன் இனிமே படுப்பான்? நீயே வச்சுக்க.” மூன்று ரயில் மாறி, அவன் அதைச் சுமந்துகொண்டு வந்தான்.

பை வருவதற்கு முன்னாலேயே கதை வந்துவிட்டது. நடவில் பெண்டுகள் அல்லியைக் கேட்டார்களாம்: “ஏண்டி, பாய வெயில்ல போட்டியா, வாய்க்கால்ல போட்டியா?” அவள் நாற்று முடியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டாளாம். வீட்டில் அவனிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். காத்தமுத்து மண்டி வாசலில் சாக்கை விரித்துப் படுக்க ஆரம்பித்தான். ஒருநாள் மூட்டை இறக்கிவிட்டுப் பீடி பிடிக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “மாமா, நெசமாவே நான் பேஞ்சிருப்பனோ? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா நனைஞ்சிருந்துச்சே.”

இருபத்தாறு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். தன் உடம்பைத் தானே நம்பாமல் ஒருத்தன் இரண்டு வருஷம் தெருவில் படுத்தான்.

எனக்குப் புத்தி வந்தது மண்டியில்தான், அந்த வருஷத் தையில். ஒருத்தர் காய்ச்சல் போதாத நெல்லைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, பனி இறங்கும் என்று தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து நானும் காத்தமுத்தும் பிரித்தோம். கை வைத்தால் மூட்டைக்குள் காந்தியது. தார்ப்பாயின் உள்பக்கம் வேர்த்து முத்துமுத்தாய் நின்றது. மேல் வரிசை மூட்டை சொதசொத என்றிருந்தது, அடிவரிசை காய்ந்து கிடந்தது. மழை இல்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நெல் விட்ட மூச்சு, போக வழியில்லாமல் தார்ப்பாயில் முட்டி அதன் தலையிலேயே இறங்கியிருக்கிறது. பத்து வயதிலிருந்து மூட்டை தூக்குகிறேன். ஈர நெல்லைக் காற்றாடப் போடாமல் மூடினால் புழுங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்த நான்தான் அவன்மேல் கொங்காணியைப் போர்த்தி ஓரம் செருகினேன்.

அவனிடம் சொன்னேன். “எனக்காகச் சொல்றீங்க மாமா,” என்றான். அவ்வளவுதான்.

அதனால்தான் டீக்கடையில் எழுந்து நின்றேன். “ஏஜெண்டு ஐயா, அது மூத்திரம் இல்ல. மனுசன் விட்ட மூச்சும் வேர்வையும். காட்டுறேன். அதே பை, அதே கொங்காணி. ஐஸ் ரூமுல படுக்கிறேன். பை நனையலன்னா இதே கடையில நின்னு, எங்க ஊரான் பேஞ்சான்னு நானே சொல்றேன். நனைஞ்சா நீங்க இல்லன்னு சொல்லணும். இவங்களுக்குப் பையும் குடுக்கணும்.”

“ஒனக்கு மூள கலங்கிடுச்சா மருதையா? ஒங்கிட்ட பந்தயம் கட்டவா நான் வந்தேன்?”

அப்போது குரும்பகரத்து ஆள் ஒருத்தன் சொன்னான்: “நீங்க பாக்க வரலன்னா நாங்களும் பேப்பர்ல கை வைக்கலங்க. ரெண்டு கம்பளியோட போயி வெறைக்கவா?”

நீலகண்டனுக்குப் பன்னிரண்டு கட்டைவிரல் வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் எனக்கும் கட்டைவிரல்தான் கையெழுத்து. சரி என்றார்.

அன்றைக்குக் காலையில் வேண்டுமென்றே நாற்பது பாளம் லாரியில் ஏற்றினேன். மலையில் எப்படிப் படுத்தோமோ அப்படி, வேர்த்த சட்டையோடு வந்தேன். பைக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன், நீலகண்டன் துழாவிப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்றார். அவர் கண் முன்னால் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன். இன்னொரு செம்பு கேட்டு வாங்கி அதையும் குடித்தேன். “இதென்னய்யா கூத்து?” என்றார். “அடக்கிக் காட்டத்தாங்க,” என்றேன்.

இப்போது படுத்துக்கிடந்தேன். தலையை உள்ளே இழுத்து, ஜிப்பை மூடி, கொங்காணி என்மேல் மடிந்து கிடக்க, கருவிலே கிடக்கிற பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு. முதலில் சுகமாகத்தான் இருந்தது. என் மூச்சு எனக்கே வெதுவெதுப்பாய்த் திரும்பி வந்தது. அந்தச் சுகம்தான் ஏமாற்று. கொஞ்ச நேரத்தில் கன்னத்துக்குப் பக்கத்துத் துணி ஈரமாயிற்று. பிறகு தோளுக்கு மேலே. அந்த ஈரத்தின் வழியாகக் குளிர் விரலை விட்டுத் தொட்டது. அடிவயிறு முட்டியது. நாற்பத்தொரு வயதில் ஒருத்தன் ஊருக்கு முன்னால் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஐஸில் கிடக்கிறானே என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் வந்துவிடும் என்று பயந்து பல்லைக் கடித்தேன். முழங்கால் மரத்தது. அவன் இதில் பத்து ராத்திரிக்கு மேல் கிடந்தான். விரல் கறுப்பது தெரியாமல், ‘பேஞ்சிட்டனோ, பேஞ்சிட்டனோ’ என்று மட்டும் நினைத்துக்கொண்டு கிடந்திருப்பான். நான் அடுத்த பையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

பாங்கு எனக்குக் கேட்கவில்லை. கதவு திறந்த வெளிச்சம்தான் பைக்குள் பச்சையாய் வந்தது.

“அசையாதீங்கண்ணே,” என்று கபீரும் இன்னொருத்தனும் என்னைப் பலகையோடு தூக்கி வெளியே உமிக் குவியல் பக்கம் இறக்கினார்கள்.

“பாடை மாதிரில்ல இருக்கு,” என்றது ஒரு குரல்.

“பொணம் பசியோட இருக்குடா, சீக்கிரம் எறக்கு,” என்றேன். சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு.

நான் வெளியே வந்து நிற்கவே நேரம் பிடித்தது. நீலகண்டன் குனிந்து பையின் அடிப்பக்கத்தைத் தடவினார். இடுப்பு கிடந்த இடத்தைத் தடவினார். நிமிர்ந்தார், முகம் மலர்ந்திருந்தது. “காஞ்சு கெடக்குய்யா! நான் சொல்லல? மனுசனா இருந்தா இப்படித்தான் காஞ்சு கெடக்கும். அவன் பேஞ்சான், அதான் நனைஞ்சுது.”

“அது கீழ. மேல பாருங்க,” என்றேன்.

கபீர் கொங்காணியை மெதுவாகத் தூக்கினான். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாய் நின்ற தண்ணீர் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடி அவன் கையில் வழிந்தது. பையின் நெஞ்சுப் பக்கம், தோள் பக்கம், முகத்துக்கு நேரே, எல்லாம் கறுத்து நனைந்திருந்தது. நான் அந்த இடத்தை முறுக்கினேன். சொட்டியது.

“மூத்திரம் மேல ஏறுமாங்க? எந்த ஊருல ஏறும்? இட்லிக் கொப்பரையத் தொறந்தா தண்ணி மூடியிலதான நிக்கும்?”

“நீ உள்ள என்ன பண்ணினியோ, யாரு பாத்தா?”

“செத்த இருங்க,” என்று சொல்லிவிட்டு வேலிப்பக்கம் போனேன். திரும்பி நின்றேன். இரண்டு செம்புத் தண்ணீர். முடிகிற வழியாய் இல்லை. பின்னால் முதலில் ஒருத்தன் களுக்கென்றான், பிறகு பன்னிரண்டு பேரும். “அரசலாறு தெறந்து விட்டாச்சு, நாத்து விடுங்கடா,” என்று யாரோ கத்தினான். திரும்பி வந்தபோது நீலகண்டன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காத்தமுத்து மட்டும் சிரிக்கவில்லை. பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நனைந்த இடத்தில் உள்ளங்கையை வைத்திருந்தான். பிறகு அதே கையைத் தன் நெஞ்சில் வைத்தான், தோளில் வைத்தான். “மாமா, எனக்கும் இங்கதான் நனைஞ்சிருந்துச்சு,” என்றான். “இங்க. இடுப்புல இல்ல. இவ்ளோ நாளா அத நெனச்சுப் பாக்கல மாமா.”

நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “கொங்காணிய மேல போத்தச் சொன்னவன் நான். என் பையுந்தான் ஈரமா இருந்துச்சு, வாயத் தொறக்கல. இவனப் பாத்துச் சிரிச்சேன். இனிமே போறவன் கேட்டுக்கங்க. மூக்கும் வாயும் பைக்கு வெளிய இருக்கணும். வேர்த்த சட்டையோட படுக்காதீங்க, காஞ்சதா ஒண்ணு அதுக்குன்னே வச்சுக்கங்க. கொங்காணி வேணும்னா பைக்குள்ள விட்டு ஒடம்போட சுத்திக்கங்க. சட்டை நசநசன்னு இருக்கும், இருந்துட்டுப் போவுது, பஞ்சு நனையாது. விடிஞ்சதும் சுருட்டக்கூடாது. வெயிலு பட்டுக் காஞ்ச பொறவுதான் சுருட்டணும். எவன் சுருட்டச் சொன்னாலும்.”

“பெரிய சட்டம் போடுறியே,” என்றார் நீலகண்டன். “தண்ணின்னா தண்ணிதான். எந்தத் தண்ணின்னு யாரு கண்டா?”

“மோந்து பாருங்க.”

அவர் குனியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு விரலால் தூக்கிய அதே மனுஷன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

உமிக் குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்லி வந்தாள். அவள் வந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, எவ்வளவு நேரமாய் நின்றாளோ. முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். வேலையில் இருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். நனைந்த பையை இரண்டு கையாலும் அள்ளி, முகத்தை அதற்குள் புதைத்தாள். மூச்சை இழுத்தாள். நிமிர்ந்தபோது நெற்றியும் மூக்கும் நனைந்திருந்தது.

“என்ன நாத்தம் வருது, சொல்லும்மா,” என்றார் நீலகண்டன். சிரிக்கப் பார்த்தார்.

“மனுச வேர்வ நாத்தம். வேல செஞ்சவன் நாத்தம்,” என்றாள். “ஒங்களுக்குத் தெரியாதுங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, இது எனக்குத் தெரியாதா? என் பக்கத்துல படுத்த ஆளு. இவங்க சொன்னாங்கன்னு எனக்குக் கோவமில்ல. இது வாயத் தொறந்து ஒருக்கா இல்லன்னு சொல்லலியே. அதுக்குத்தான்.” சொல்லும்போது காத்தமுத்துவை அவள் பார்க்கவே இல்லை. காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

“இல்ல,” என்றான். கம்மிப்போன குரல். அவளுக்குத்தான் சொன்னான். பிறகு எழுந்து, காலைச் சரியாய் ஊன்றி, நீலகண்டனுக்கு நேரே நின்று சொன்னான்: “நான் பேயல.”

நீலகண்டன் கைக்குட்டையை மடித்தார். டீக்கடைக்கு வந்து சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தோல் பையிலிருந்து பேப்பரையும் மை டப்பாவையும் எடுத்துப் பலகைமேல் வைத்து மூடியைத் திறந்தார். “சரி, அது முடிஞ்சுது. போறவன் வந்து கைய வையி.”

“பை உண்டாங்க?” என்று ஒருத்தன் கேட்டான்.

“கேட்டுச் சொல்றேன்.”

“அப்ப கேட்டுட்டு வாங்க,” என்றான். ஒருத்தனும் நகரவில்லை. பன்னிரண்டு பேரும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. வெயிலில் மை காய்ந்துகொண்டிருந்தது.

அல்லி பையை முழுக்கத் திறந்து, பிள்ளை சட்டையைப் புரட்டுகிற மாதிரி உள்பக்கத்தை வெளியே எடுத்தாள். கபீர், “இங்கன வேலியில போடும்மா, காஞ்சிடும்,” என்றான். அவள் கேட்கவில்லை. தலைமாட்டுப் பக்கத்து இரண்டு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, கால்மாட்டை அவன் பக்கம் நீட்டினாள். ஆற்றில் குளித்துவிட்டு வருகிற பெண்டுகள் ஈரச்சேலையை ஆளுக்கு ஒரு முனையாய்ப் பிடித்துக் காற்றில் காயவைப்பார்களே, அப்படி.

“புடி,” என்றாள்.

அவன் பிடித்தான். இரண்டு பேருமாய் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். வீட்டுக்குக் குறுக்கு வழி உண்டு, அதில் போகவில்லை. கடைத்தெரு வழியாக, தலத்தெருவைப் பார்த்து, நடு ரோட்டில் போனார்கள். சைக்கிள்காரர்கள் ஒதுங்கினார்கள். கடல் பக்கத்துக் காற்று அடித்தபோது பை பாய் விரித்த தோணி மாதிரி உப்பியது. அவன் இடது காலை வைக்கும்போதெல்லாம் அந்த முனை ஒரு தடவை தாழ்ந்தது. ஒவ்வொரு தாழ்வுக்கும் அவள் தன் முனையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.